குளத்துத் தரையை அளந்த பருத்திக் கயிறு

“ஆவணி 9, புதன். காலை 7.40. வானம் தெளிவு. காற்று மேற்கிலிருந்து, மிதமாக. புதுக் கயிறு: பருத்தி, மூன்று பிரி. ஈயக்குண்டு பழையதே. குறி போட்டாயிற்று. தண்ணீர் மதகுக் கல்லுக்கு ஒரு சாண் கீழே.”

என் களக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் குறிப்பு இது. கையெழுத்து என்னுடையது. ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சொன்னால் எந்தக் குளம், யார் அதிகாரி என்று உங்களில் யாராவது சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும் ஒரு குளம் என்பது மட்டும் போதும்.

குறிப்பை இன்னொரு முறை படியுங்கள். நேரம் இருக்கிறது. காற்றின் திசை இருக்கிறது. கயிற்றுக்கு எத்தனை பிரி என்பதுகூட இருக்கிறது. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எழுதாததால் பாவாத்தாள் என்ற பெண்மணியின் இரண்டு ஏக்கர் விளைநிலம், எங்கள் பேச்சில் காடு, கெட்டுப்போயிருக்கலாம். கெடாமலும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்றவன் நிம்மதியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு குளம் அளக்கும் வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு எழுதுகிறீர்கள். ஆலோசனை என்று என்னிடம் இருப்பது இந்தக் கயிற்றின் கதைதான்.

நீங்கள் படகில் கருவியை வைத்துக்கொண்டு போகிறீர்கள். ஒலி கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்புகிறது, திரையில் கோடு விழுகிறது. எங்களுக்கு ஒரு பரிசல், ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தொய்யும். அந்தத் தொய்வைக் கை உணரவேண்டும். அடிக்கு ஒரு கட்டு வீதம் கயிற்றில் பனியன் துணிக் கிழிசலைக் கட்டியிருப்போம். அடிக்கு வெள்ளை, ஐந்தடிக்குச் சிவப்பு. எத்தனை கட்டு தண்ணீருக்குள் போனது என்று எண்ணினால் ஆழம். தண்ணீர் மதகுக் கல்லுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அதோடு கூட்டினால், கல்லிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று தெரிந்துவிடும். வருடா வருடம் அதே இடங்களில் இறக்கிப் பார்த்தால் தரை எவ்வளவு மேடேறியிருக்கிறது என்று தெரியும். வேலை அவ்வளவுதான்.

அதுவரை நைலான் கயிறு வைத்திருந்தோம். முந்தைய வாரம் அது வேறொரு குளத்தில், தண்ணீருக்கடியில் ஒரு கருவேல மர அடியில் சிக்கி அறுந்தது. பரிசல்காரர் முங்கிக் குண்டை எடுத்துவிட்டார். கயிறு போனது போனதுதான். புது நைலான் கயிறு கேட்டு எழுதலாம் என்றேன். பரிசல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பொழுதன்னிக்கும் நூலுக்குள்ளயே பொரண்டுட்டு இருக்கறோம். கவுத்துக்கு மட்டும் வெளியூருக்கு எழுதறதுங்களா? மானக்கேடுங்க சார்.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் அது சரியென்றே பட்டது. சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக்காரர் சலவை செய்யாத பருத்தி நூலைக் கொடுத்து, மூன்று பிரியாக முறுக்கவும் ஏற்பாடு செய்தார். இளமஞ்சள் நிறத்தில், கைக்கு இதமாக இருந்தது. வேறு ஊரில் ஆழம் அளப்பவன் யாரும் பருத்திக் கயிற்றைத் தொட்டிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. ஊர்ப்பெருமையில் நாங்கள் தொட்டோம்.

ஆவணி 9 அளவுதான் எங்கள் அடிப்படை அளவு. அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் சாயக்கழிவு வாய்க்காலில் நிறம் மாறி மாறி வந்தது. ஒரு நாள் செங்கல் நிறம், ஒரு நாள் மயில்நீலம். வந்ததெல்லாம் குளத்தில் அடங்கியது. மேற்குக் கரையோரம், நான்காவது புள்ளியில், ஆவணி 9 அன்று தரை கல்லுக்குப் பன்னிரண்டு அடி கீழே. பிறகு ஒவ்வோர் ஆண்டும் மேடேறியது. ஐந்தாறு ஆண்டு கழித்துக் கயிற்றை விட்டு அளவுக் கழிக்கு மாறினோம். கயிறு ஒரு தகரப் பெட்டிக்குள் போயிற்று. நான் எதையும் எறிகிறவன் இல்லை.

நம் ஊரில் கடல் இல்லை. ஆனாலும் கழிமுகங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஆறு கடலில் சேரும் இடத்துத் துறைமுகங்களில் பல தலைமுறைகளாக ஆழம் குறித்து வைத்திருக்கிறார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் அடுத்தடுத்து வைத்து, தரை இவ்வளவு உயர்ந்தது, இங்கே இவ்வளவு அரித்தது என்று சொல்கிறார்கள். படிக்கும்போது எனக்கு ஒரு சஞ்சலம் வரும். பழைய படத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை எழுதியவனின் கயிறு எப்படிப்பட்டது? இன்று நீங்கள் எடுக்கும் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதை எதிலிருந்து கழிக்கிறீர்களோ அந்த எண்ணில் பிழை இருந்தால், விடையும் அதே பிழையோடுதான் வரும். இதைப் பிறருடைய கயிற்றைப் பற்றித்தான் யோசித்தேன். என் தகரப் பெட்டி ஞாபகத்துக்கு வரவேயில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வைகாசியில் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். குளம் வற்றிப்போயிருந்தது. வண்டல் அள்ளி நிலத்துக்கு அடித்துக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் மேலே கிடப்பது உப்பு மண்டிய சாயக்கழிவுச் சேறு. அதை வழித்துக் கரையோரம் தனியாகக் குவிக்கவேண்டும். அதற்குக் கீழே இருக்கிற பழைய வண்டலை மட்டும் வண்டியில் ஏற்றவேண்டும். எவ்வளவு வழிப்பது? குழி தோண்டிப் பார்த்தால் சுவரில் நிறக்கோடு தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். தெரியவில்லை. கருவேல வேரும் ஆடுமாடு மிதித்ததும் சேர்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் கறுப்பு. மண் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் அனுமதி முடிந்துவிடும். மிச்சமிருந்தது என் குறிப்பேடு.

ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், ஓர் இளம்பெண். வேலையில் சேர்ந்து இரண்டாவது கோடை. வெயிலில் முகம் கறுத்துப்போய், ஒரு கையில் குடையும் ஒரு கையில் வரைபடமுமாக நின்றார்.

“சார், எனக்கு ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. எத்தனை அடி வழிக்கணும்?”

நான் மட்டக்கருவி வைத்துப் பார்த்தேன். நான்காவது புள்ளியில் இன்றைய தரை கல்லுக்கு ஒன்பதரை அடி கீழே. ஆவணி 9 தரை பன்னிரண்டு. “இரண்டரை அடி” என்றேன்.

“சேஃப்டிக்கு இன்னும் ஒரு அடி சேத்துக்கலாங்களா சார்?”

“என் குறிப்பேட்டில் கால் அடிகூடத் தவறாது” என்றேன். இந்த வாக்கியத்தைப் பணிக்காலம் முழுக்கப் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறையும் யாரும் மறுத்ததில்லை. அவரும் மறுக்கவில்லை.

கரைக்கு மேல் பதினைந்து டிராக்டர்கள் வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் பாவாத்தாள். கரையை ஒட்டிய நிலம் அவருடையது என்பதால் முதல் முறை அவருக்கு. ஐம்பது வயதிருக்கும். காலையில் தறிக்குடோனில் பாபின் சுற்றிவிட்டு, மத்தியானம் காட்டு வேலை பார்ப்பவர். சுக்கான் மண் அவருடையது. தண்ணீர் நிற்காது. வண்டல் அடித்தால்தான் அடுத்த வெள்ளாமை என்று மூன்று ஆண்டாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பொக்லைன் முதலில் நான்காவது புள்ளியைச் சுற்றி மட்டும் இரண்டரை அடியை வழித்து ஒதுக்கியது. நான் குழியின் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே முதல் வாளி இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினொரு லோடு பாவாத்தாள் காட்டில் குவிந்துவிட்டது.

அளவுக் கழி பிடிக்க அன்று வந்திருந்தவர் ஆரோக்கியம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல். ஒரு பனியன் கம்பெனியில் துணியின் சுருக்கம் பார்க்கும் பிரிவில் பல ஆண்டு வேலை. ஆர்டர் குறைந்து கம்பெனி பாதி நாள் மூடியிருந்ததால் எங்களோடு வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் என் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜே.இ.க்குக் காட்டலாம் என்று பழைய கயிற்றை அதில்தான் கொண்டுவந்திருந்தேன். அவர் கயிற்றை எடுத்து, இரு விரலால் முறுக்கிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்தார்.

“சார், இது பருத்தில்லா?”

“ஆமாம். நம்ம ஊர் நூல்.”

“இதுல குறி போடும்போது நனைச்சு அளந்தியளா, காய வச்சு அளந்தியளா?”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“நனைச்சிருந்தா, குண்டு கட்டித் தொங்கவிட்டு அளந்தியளா, தரையில படுக்கப் போட்டு அளந்தியளா?”

“எதற்குக் கேட்கிறீர்கள்?”

“கேக்காம? எங்க செக்‌ஷன்ல துணியில கட்டம் வரைஞ்சு, தொவச்சு, திரும்ப அளப்போம். தொங்கவிட்டுக் காய வச்சா ஒரு அளவு, படுக்கப் போட்டுக் காய வச்சா ஒரு அளவு. எப்படிக் காயவச்சோம்னு எழுதலன்னா சூப்பர்வைசர் ரிப்போர்ட்டக் கிழிச்சு மூஞ்சியில எறிவாரு.” பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க எழுதியிருப்பிய சார்” என்றார்.

குறிப்பேட்டை எடுத்தேன். ஆவணி 9, புதன். காலை 7.40. குறி போட்டாயிற்று. அவ்வளவுதான்.

அவர் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். கயிறு காய்ந்திருக்கும்போது நான் குறி போட்டிருந்தால், தண்ணீரில் அது சுருங்கியிருக்கும். கட்டுகள் நெருங்கியிருக்கும். அப்படியானால் நான் பன்னிரண்டு என்று எழுதிய ஆழம் உண்மையில் பன்னிரண்டுக்குக் குறைவு. பழைய தரை நான் நினைத்ததைவிட மேலே. இரண்டரை அடி வழித்தது தேவைக்கு அதிகம், யாருக்கும் கெடுதல் இல்லை. நனைத்து, குண்டு கட்டித் தொங்கவிட்டுக் குறி போட்டிருந்தால் என் எண் சரி. ஆனால் நனைத்துச் சுருங்கவிட்டு, தரையில் படுக்கப் போட்டுக் குறி போட்டிருந்தால், குண்டின் பாரத்தில் கயிறு நீண்டிருக்கும். பழைய தரை நான் எழுதியதைவிடக் கீழே இருக்கும். நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழேயும் சாயச்சேறு இருக்கும். முதல் பதினொரு லோடும் சரியாக அந்த இடத்திலிருந்து போயிருக்கிறது.

வாளியில் தண்ணீர் பிடித்துக் கயிற்றை ஊறவைத்தோம். பொக்லைன் கையை உயர்த்தச் சொல்லி, குண்டு கட்டித் தொங்கவிட்டோம். ஆரோக்கியம் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டாகப் படித்தார். பன்னிரண்டாவது கட்டு பன்னிரண்டரை அடிக்கும் கொஞ்சம் கீழே நின்றது.

“இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார்” என்று அவரே சொன்னார். “அஞ்சாறு வருசம் குண்டு இழுத்ததுல நீண்டிருக்கும். முத நாள் எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா.”

உண்மைதான். புதுக் கயிறாக இருந்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி நான். எனக்கு ஞாபகமில்லை. காற்று மேற்கிலிருந்து வந்தது ஞாபகமிருக்கிறது. பரிசல்காரர் அன்று புதுத் துண்டு கட்டியிருந்தது ஞாபகமிருக்கிறது. சிவப்புத் துணி போதாமல் ஐந்தாவது கட்டுக்கு ஆரஞ்சுத் துணி கட்டியது ஞாபகமிருக்கிறது. கயிறு என் கையில் ஈரமாக இருந்ததா என்று கேட்டால், கை வெறுமையாக இருக்கிறது.

ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன்.

வரிசையில் கலவரம். அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று செவ்வாய். மேற்கே மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. இரண்டாவதாக நின்ற டிராக்டர்காரர் சீட்டிலிருந்து இறங்காமலே கேட்டார்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

ஜே.இ. விளக்கினார். கயிறு, ஈரம், சுருக்கம். அந்த வெயிலில் அதைக் கேட்டவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

“அட சாமி! கவுறு நனைஞ்சுதா காஞ்சுதான்னு நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மழ வந்து எல்லாத்தையும் நனைச்சுப் போடுமுங்க.”

“ஒரு கவுத்த அளக்கத் தெரியாதவிய கொளத்த அளந்தீங்களாக்கு?” என்றார் பின்னாலிருந்து இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. நியாயமான சிரிப்பு.

ஜே.இ. என்னைத் தனியாக அழைத்துப் போனார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. “சார், அது சரியாவும் இருக்கலாம் இல்லீங்களா? மூணுல ரெண்டு நமக்குச் சாதகம்தானே?”

இதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். நெருக்கடியில் மனம் இப்படித்தான் எண்ணும். மூன்று வழி இருக்கிறது, இரண்டு நல்லது, ஆகவே நல்லது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று. வழிகளை எண்ணுவது வேறு, அவற்றின் எடையைப் பார்ப்பது வேறு. நான் அன்று என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கவனமான ஆள் நான். பருத்தி சுருங்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? கண்டிப்பாக நனைத்திருப்பேன். நனைத்த பிறகு? குண்டைக் கட்டித் தொங்கவிட மரம் எதுவும் கரையில் இல்லை. தரையில் நீட்டிப் போட்டுத்தான் அளந்திருப்பேன். என் கவனமே என்னை மூன்றாவது வழிக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்கிறேன்.

“இன்னும் ஒரு அடி வழிக்கவேண்டும்” என்றேன். “காலையில் நீங்கள் சொன்னதுதான். அப்போது நான் கேட்டிருக்கவேண்டும்.”

அவர் குடையை மடக்கிக்கொண்டு பொக்லைன் பக்கம் நடந்தார்.

மேற்குக் கரையோரம் முழுக்க மூன்றரை அடி வழிக்க வியாழன் மத்தியானம் ஆகிவிட்டது. அதன் பிறகு ஒரு பொழுது மட்டும் ஏற்ற முடிந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. பதினைந்து வண்டிகளில் ஒன்பது வண்டிக்காரர்கள் வெறும் வண்டியோடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் இப்போதும் பல்லடம் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தால், “சார்ங்க, கவுறு காஞ்சுதுங்களா?” என்று கேட்காமல் போவதில்லை.

இதெல்லாம் பிறகு. செவ்வாய்க்கிழமை மத்தியானமே செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. கரையிலிருந்து இறங்கிப் பாவாத்தாள் காட்டுக்குப் போனேன். பதினொரு குவியலும் வரிசையாகக் கிடந்தன. அவர் முதல் குவியலின் மேல் மண்வெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் பரப்ப ஆரம்பிக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

“வாங்க சார். மண்ணு வெண்ணெயாட்டம் இருக்குதுங்க.”

“பரப்பாதீங்கம்மா.”

அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. “ஏனுங்க?”

சொன்னேன். நான் சொன்ன அளவு தவறாக இருக்கலாம், இந்த மண்ணில் சாயச்சேறு கலந்திருக்கலாம் என்று. கயிற்றுக் கதையைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதையும் சொன்னேன்.

“இருக்கலாமுன்னா, இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“தெரியவில்லை.”

“அளந்தது நீங்கதானுங்களே?”

“நான்தான்.”

“எழுதுனதும் நீங்கதானுங்களே?”

“நான்தான்.”

“பொறவு யாருக்குத் தெரியும்ங்க?”

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரலுக்கிடையில் தேய்த்து, நுனிநாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்புத்தானுங்க. ஆனா என்ற கெணத்துத் தண்ணியே உப்புங்க. அதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலீங்க.”

“திருப்பி அள்ளச் சொல்கிறேன்.”

“எந்த வண்டியிலீங்க? அத்தன வண்டியும் உங்களத் திட்டிக்கிட்டுக் கரை மேல நிக்குதுங்க.” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இல்லை. “போங்க சார். நான் பாத்துக்கறனுங்க.”

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது. இரண்டு பழைய பெயிண்ட் வாளி. ஒன்றில் தன் காட்டு மண், மற்றொன்றில் குவியல் மண். இரண்டிலும் பத்துப் பத்துத் தட்டைப்பயிறு. இரண்டுக்கும் மழைத்தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் கூடாது. விதைத்த ஒன்பதாம் நாள் நான் போய் எண்ணினேன். காட்டு மண்ணில் எட்டு, குவியல் மண்ணில் ஐந்து. ஐந்தில் இரண்டுக்கு இலையோரம் காய்ந்திருந்தது. ஆனி 14, திங்கள் என்று குறித்துக்கொண்டேன். வாளிகள் வெயிலில் இருந்தன, வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது, மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதையும் எழுதினேன். இப்போதெல்லாம் எதையும் விடுவதில்லை.

அவர் குவியலைப் பரப்பவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக் கால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, மழை கழுவுகிற தண்ணீர் காட்டுக்குள் பரவாமல் ஓரத்து ஓடைக்குப் போகும்படி செய்தார். பதினொரு குவியலுக்கும் நடுவே இருந்த இடத்தில் சோளம் விதைத்தார். இரண்டு ஏக்கர் காட்டில் பதினொரு தீவு. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகக்கூட இருக்கிறது. எனக்கு மட்டும் பார்க்க முடியவில்லை. மழை இருட்டினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்று வாய்க்கால் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு தடவை உடைந்திருந்தது. இருவரும் சேர்ந்து அடைத்தோம்.

ஆய்வு முடிவு பிறகு வந்தது. குழியின் சுவரில் எடுத்த மாதிரிகளின் முடிவு. கீழே போகப்போக உப்புக் குறைகிறது, எந்த ஆழத்திலும் கோடு கிழித்த மாதிரி நிற்கவில்லை என்றது. குவியல் மண்ணையும் தனியாக அனுப்பினேன். அதில் இருந்த உப்பு பாவாத்தாள் கிணற்று நீர் பாய்ந்த மண்ணிலும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. அது குளத்திலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்தா என்று தாள் சொல்லவில்லை. தாளை அவரிடம் படித்துக் காட்டினேன். “நீங்க சொன்னதேதானுங்களே அவியளும் சொல்றாங்க, தெரியலீன்னு” என்றார்.

ஆரோக்கியம் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வரும் வழியில் வீட்டுக்கு வந்தார். நான் சாமளாபுரத்துக்குப் போய் அதே போன்ற நூலில், அதே மூன்று பிரியில் புதுக் கயிறு முறுக்கி வாங்கி வைத்திருந்தேன். மூன்று துண்டு. ஒன்றில் காய வைத்துக் குறி, ஒன்றில் நனைத்துத் தொங்கவிட்டுக் குறி, ஒன்றில் நனைத்துப் படுக்கப் போட்டுக் குறி. மூன்றையும் மொட்டைமாடியில் ஊறவைத்து, குண்டு கட்டி அளந்தோம். மூன்றும் மூன்று விதமாக வந்தன. மூன்றில் எது என்னுடையது என்பதை மட்டும் எந்தத் துண்டும் சொல்லவில்லை.

“விட்ருங்க சார்” என்றார் ஆரோக்கியம். “நூல் அப்பவும் இப்பவும் ஒண்ணா? மில்லு மாறியிருக்கும், பஞ்சு மாறியிருக்கும். நீங்க உங்களயே தொவச்சுத் தொவச்சுச் சுருக்கம் பாக்கிய.”

பரிசல்காரரையும் தேடிப் போய்க் கேட்டேன். இப்போது வெள்ளகோவில் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார்.

“நனைச்சாப்புலதானுங்க ஞாபகம். ஆனா சார், நாம நின்னதே கொளத்துக்குள்ளதானுங்களே. அன்னிக்கு எல்லாமே நனைஞ்சுதானுங்க இருந்துச்சு.”

இன்னும் ஒரு தடயம் இருக்கிறது. கப்பல்காரர்கள் ஆழம் பார்க்கும் கயிற்றை நனைத்து, பாரம் கட்டி இழுத்து, அதற்குப் பிறகே குறி போடுவார்கள் என்று ஒரு நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தப் பக்கம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வலப்பக்கம், மேலே, ஓரத்தில் டீக்கறை. ஆவணி 9-க்கு முன்னால் அதைப் படித்திருந்தால் கண்டிப்பாக எங்காவது தொங்கவிட்டு இழுத்திருப்பேன். என் எண் சரியென்று ஆகிவிடும். பாவாத்தாள் குவியலைப் பரப்பிவிடலாம். பின்னால் படித்திருந்தால் எதுவும் மாறாது. படித்து முடிக்கும் புத்தகத்துக்கெல்லாம் தேதி குறிக்கிறவன் நான். ஆனால் அந்த ஆண்டின் வாசிப்புக் குறிப்பேட்டில் ஐப்பசிக்கு முந்தைய பக்கங்கள் கரையானுக்குப் போய்விட்டன. ஐப்பசிக்குப் பிந்தைய பக்கங்களில் அந்தப் புத்தகம் இல்லை. இல்லை என்பதால் முன்னால் படித்தேன் என்று ஆகிவிடாது. அதற்கடுத்த ஆண்டின் குறிப்பேடும் என்னிடம் இல்லை. நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கேட்டிருக்கிறேன். கட்டடம் மாறியபோது பழைய பதிவேடுகளைச் சாக்கில் கட்டிப் போட்டதாகவும், பிரித்துப் பார்த்துச் சொல்வதாகவும் அங்கே இருக்கும் அம்மா சொன்னார். மூன்று முறை போய்வந்துவிட்டேன்.

இந்த ஆடி 22, வியாழக்கிழமை பாவாத்தாள் காட்டுக்குப் போனேன். புது வாளி, புது விதை, இரண்டு மழைக்காலம் கழுவிய குவியல் மண். பத்தில் ஏழு முளைத்திருந்தது. ஓரம் காயவில்லை. எழுதிக்கொண்டேன்.

“அடுத்த வருசம் எட்டு முளைச்சா பரப்பிடுவனுங்க” என்றார் அவர். பிறகு தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பழைய கயிறுதான். எங்கு போனாலும் எடுத்துப் போகும் பழக்கம் வந்துவிட்டது.

“அது இன்னும் எதுக்காச்சும் ஆகுதுங்களா சார்?”

“ஆதாரத்துக்கு வைத்திருக்கிறேன்.”

“இல்லீன்னா குடுங்க. கன்னுக்குட்டியக் கட்டிக்கறனுங்க. அது நனைஞ்சுதா காஞ்சுதான்னு கன்னுக்குட்டி கேக்காதுங்க.”

கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். ஆவணி 9 குறிப்பின் கீழே, வேறு மையில், இப்படி எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது என் பழைய எண்கள் தேவைப்பட்டால் இந்த வரியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்:

“குறி போடும்போது கயிறு நனைந்திருந்ததா, தொங்கவிட்டு அளக்கப்பட்டதா என்பது சரிபார்க்கப்படவில்லை. நூலகப் பதிவேடு இன்னும் பார்க்கப்படவில்லை.”